மணிக்கட்டு வரை மாவு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. வீடு தேடி வந்து என் மேல் விழுந்தது. நேற்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, மவுன் ஊரில் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் வீட்டு கேட்டில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவன் திரெலோ, சஃபாரி கைடு. இன்னொருத்தி மாலெசெகோ, அவனோடு முகாமுக்குப் போகும் சமையற்காரி. மூத்த மகள் பெயர் லெசெகோ என்பதால் ஊருக்கே அவள் மாலெசெகோ, லெசெகோவின் அம்மா. இரண்டு பேரும் பல வருடமாக எனக்குப் பழக்கம். அவ்வளவுதான் என்றால் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்திருப்பேன். ஆனால் இவர்கள் நான் எழுதிய ஒரு கதையில் வரும் பாத்திரங்களும்கூட. பாத்திரங்கள் நேரில் வந்து நின்றால் எழுதியவன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றேன்.

"டீச்சர், உங்க செருப்பு வெளியிலதான் கிடக்கு," என்றாள் மாலெசெகோ.

நான் டீச்சராக இருந்தது அந்தக் காலம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கணக்குச் சொல்லிக்கொடுக்க போட்ஸ்வானாவுக்கு வந்தவன். கடந்த பதினோரு வருடமாக ஒரு சஃபாரி கம்பெனிக்கு மாதாமாதம் ஆங்கிலத்தில் 'முகாம் மடல்' எழுதுகிறேன். வெளிநாட்டுக்காரர்களைப் பத்து நாள் காட்டுக்குள் கூட்டிப்போய், கூடாரம் போட்டுத் தங்கவைத்து, மிருகம் காட்டி, கொசுக்கடியோடு திருப்பி அனுப்பும் கம்பெனி. திரும்பி வரும் கைடுகள் சொல்வதைக் கேட்டு, ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நான் எழுதுவேன். அது நாலாயிரம் பேருக்குப் போகும்.

நான் காட்டுக்குப் போவதில்லை. எனக்குச் சிங்கம் என்றால் பயம்.

(இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். ஒப்புக்கொள்ள வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, இது அதில் சின்னது.)

2

தொடக்கம் ஒன்று:

செக்கச் சிவந்த ஆப்பிரிக்கச் சூரியன் க்வாய் ஆற்றின் மேல் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த அந்த மாலையில்

(அடித்துவிட்டேன். நடந்தது போன வருடம், மத்தியானம் ஒரு மணிக்கு. அக்டோபர் மாதத்து ஒரு மணிச் சூரியன் எங்கேயும் சாயாது. உச்சந்தலைமேல் நின்று மண்டையைப் பிளக்கும். பதினோரு வருடப் பழக்கம், கை தானாகச் சூரியனைச் சாய்த்துவிடுகிறது.)

தொடக்கம் இரண்டு:

காட்டையே கிடுகிடுக்க வைத்த அந்தக் கர்ஜனை

(இதையும் அடித்தேன். சிங்கம் கர்ஜித்ததா என்று மாலெசெகோவிடம் கேட்டேன். "தும்முச்சு," என்றாள்.)

தொடக்கம் மூன்று:

மாலெசெகோ ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

இதில் அடிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உப்புச் சப்பில்லாத வாக்கியம். மடலில் போட்டால் நாலாயிரம் பேரில் ஒருவரும் அடுத்த வரிக்கு வரமாட்டார்கள். நீங்கள் வருவீர்கள் என்று நம்பி இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மாலெசெகோ ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். க்வாய் ஆற்றங்கரை, பெரிய மரத்து நிழல், மடக்கு மேசை. நாலு மணிக்கு விருந்தாளிகளுக்குத் தேநீரோடு சூடான ரொட்டி வேண்டும். அடுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்து விடுதிப் பிள்ளைகள் துணி வைத்துக்கொள்ளும் தகரப் பெட்டி ஒன்று. அடியில் கொஞ்சம் தணல், மூடிமேல் கொஞ்சம் தணல், உள்ளே ரொட்டி. பதினாலு வருடமாக அவள் இதில்தான் சுடுகிறாள். பெட்டியின் பின்பக்கம் ஒரு தடித்த புத்தகம் சாய்த்து வைத்திருந்தாள். கைடு பரீட்சைக்கான புத்தகம். மாவு பிசையும்போது ஒரு பக்கம், மாவு உப்பும்போது ஒரு பக்கம் என்று இரண்டு வருடத்தில் அதை மூன்று தடவை முடித்திருந்தாள். அதன் ஓரமெல்லாம் எண்ணெய்.

அந்த வாரத்து விருந்தாளிகள் மூன்று பேர். ஹாம்பர்க்கிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதி. கையில் மிருகங்களின் பட்டியலும் பென்சிலும் வைத்திருந்தார்கள். யானையைப் பார்த்தால் யானையைப் பார்க்கமாட்டார்கள், பட்டியலில் யானை எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். டிக் போட்டு நிமிர்வதற்குள் யானை போயிருக்கும். மூன்றாவது ஆள் ஓஹையோவிலிருந்து வந்த பல் மருத்துவர். அவருக்குச் சிங்கம் ஒன்றே போதும், ஆனால் அது கொட்டாவி விட வேண்டும்.*

* விருந்தாளிகளுக்கு ஆசை காட்டி ஏமாற்றக்கூடாது என்று எங்கள் கைடுகள் ரேடியோவில் மிருகத்தின் பெயரை இந்த ஊர் மொழியான செட்ஸ்வானாவில்தான் சொல்வார்கள். சிங்கம் என்பதற்கு 'டாவ்'. இரண்டாம் நாளே விருந்தாளிகள் அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு, ரேடியோ கரகரத்தாலே "டாவ்? டாவ்?" என்று துள்ளுவார்கள். 'வணக்கம்' என்பதற்கு என்ன சொல் என்று பத்தாம் நாளும் தெரியாது.

மூன்று பேரும் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கூடாரங்களில் கிடந்தார்கள். திரெலோ கழிப்பறைக் கூடாரத்துக்குள் இருந்தான். குழி தோண்டி, சுற்றிக் கித்தான் கட்டி, முன்னால் ஜிப் வைத்தது. அந்த ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ளும் என்பது ஊரறிந்த விஷயம்.

சிங்கம் ஆற்றுப் பக்கமிருந்து நடந்து வந்தது. ஆண் சிங்கம், இரண்டு வயதுக்கு மேல் இருக்காது. பிடரி இன்னும் சரியாக முளைக்கவில்லை. புதிதாக மீசை விட்ட பையனுடைய முகம் மாதிரி ஒரு முகம். நேராகச் சாப்பாட்டு நாற்காலியிடம் போய் ஒரு மெத்தையை வாயால் எடுத்து உதறிப் பார்த்தது.

மாலெசெகோ அசையவில்லை. ஓடினால் துரத்தும் என்று ஆறு வயதிலேயே தெரியும். அசையாமல் நின்றபடி அவள் பார்த்தது வேறு: காது முன்பக்கம் நிமிர்ந்திருந்தது, பின்னால் படுக்கவில்லை. வால் சும்மா தொங்கியது, அடித்துக்கொள்ளவில்லை. பின்கால் பதுங்கவில்லை. புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். இது வேட்டை இல்லை, வேடிக்கை. பசி இல்லாத, வேலை இல்லாத வயசுப் பிள்ளை. மெத்தை போனால் போகிறது, கம்பெனி மெத்தை.

பிறகு அது மெத்தையைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கு வந்தது. பாத்திரத்தை மூடியிருந்த துணியை மூக்கால் தள்ளியது. நாலு மணி ரொட்டிக்கான மாவுக்குள் மூக்கை விட்டது.

"காது மட்டும் படுத்திருந்தா, துடுப்பைக் கீழ போட்டுட்டு மெதுவா பின்னால நகர்ந்திருப்பேன் டீச்சர்," என்றாள் நேற்று. "படுக்கல. அதான் போட்டேன் ஒண்ணு."

களி கிளறும் மரத்துடுப்பு. மூக்கின்மேல், ஒரே ஒரு அடி. சிங்கம் மாவோடு நிமிர்ந்து, அவளைப் பார்த்து, தும்மியது. பிறகு வெட்கப்பட்டதுபோல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி, போகிற போக்கில் அந்த மெத்தையை மட்டும் மறக்காமல் கவ்விக்கொண்டு, வந்த வழியே போனது.

கழிப்பறைக் கூடாரத்திலிருந்து திரெலோவின் குரல்: "யாரு அங்க தும்முறது?"

4

நான் எழுதியது இது. என் மடலிலிருந்து அப்படியே தருகிறேன்; கூசுகிறது, ஆனாலும் தருகிறேன்.

"முழு நிலவு. திடீரென்று முகாமின் நடுவே காட்டரசன்! சமையற்காரி அலறி மாவுப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கூடாரத்துக்குள் ஓடினாள். ஆனால் நம் திரெலோ ஓடவில்லை. கையில் கிடைத்த துடுப்போடு இருநூறு கிலோ சிங்கத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டார். ஓங்கி ஒரே அடி! இன்றும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்: 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்பார். அடக்கமே உருவானவர்."

ஏன் இப்படி எழுதினேன்? கம்பெனியை நடத்தும் ஹெதர், "ஆளுங்க கைடு பேரைச் சொல்லித்தான் புக் பண்ணுவாங்க. சமையற்காரி பேரைச் சொல்லி யாரு புக் பண்றா?" என்றாள். இப்படிச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் பழியெல்லாம் ஹெதர்மேல் போகும், எனக்கும் வசதி. ஆனால் அவள் 'கைடு' என்று மட்டும்தான் சொன்னாள். அலறலும் நிலவும் என்னுடைய சொந்தக் கைச்சரக்கு. அலறல் ரொம்ப நன்றாக வந்திருப்பதாக அன்றைக்கு எனக்குப் பெருமைகூட.

கூடவே ஒரு போட்டோ. பல் மருத்துவர் கூடார ஜன்னல் வலை வழியாக எடுத்தது. சிங்கத்தின் பின்பக்கம், வாயில் மெத்தை, இடது ஓரத்தில் துடுப்பைப் பிடித்த ஒரு கை. கைக்குச் சொந்தக்காரர் படத்தில் இல்லை. "நம் கைடின் அஞ்சா நெஞ்சக் கரம்" என்று கீழே எழுதினேன். அந்தக் கையில் மணிக்கட்டு வரை மாவு. பின்னால் பட்டப்பகல் வெளிச்சம்.

நாலாயிரம் பேர் பார்த்தார்கள். முழு நிலவில் நிழல் எப்படி இவ்வளவு கறுப்பாக விழுகிறது, சிங்கத்தோடு மல்லுக்கு நின்ற கைடின் கையில் மாவு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு அம்மா மட்டும் ரொட்டிச் செய்முறை கேட்டு எழுதினார்.

5

மறுபடி நேற்றுக் காலைக்கு வருகிறேன். கதவைத் திறந்தேன்.

"டுமேலா, மோட்டவுங்," என்றேன் திரெலோவிடம். தினமும் காலையில் அவனுக்கு நான் சொல்லும் வணக்கம் அதுதான்.

"என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

"மோட்டவுங்."

"அப்படின்னா என்ன டீச்சர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் சிங்கக் குலத்தான். இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மிருகம். மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் அந்த மிருகத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். அந்த மிருகத்தை அந்தக் குடும்பத்தார் கொல்லக் கூடாது, தின்னக் கூடாது, கைநீட்டவும் கூடாது. ஆறு வருடமாகத் தினமும் அவனைச் சிங்கக் குலத்தானே என்று வாயாரக் கூப்பிட்டுவிட்டு, என் கையாலேயே எழுதி அவனைச் சிங்கத்தின் மூக்கில் அடிக்க வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் இருந்தவன் செய்கிற காரியமா இது? புதிதாக வந்து இறங்கியவனுக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது, அவன் தப்பித்திருப்பான்.

திரெலோ போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். மஹலாப்யேயிலிருந்து அவனுடைய சித்தப்பா.

"எழுதுறவரா?" என்றது குரல். "நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் ரா," என்றேன். 'ரா' என்றால் இங்கே ஐயா.

"மாடு கன்னு எல்லாம் சௌக்கியமா?"

"எனக்கு மாடு இல்லீங்க ரா."

"அதான். மாடு இருந்தா இந்த மாதிரி எழுத நேரம் இருக்காது. எங்க பையன் எங்க பெரியவரைத் துடுப்பால அடிச்சான்னு நாலாயிரம் பேருக்குச் சொன்னீங்களாமே? உங்க ஊர்ல ஒருத்தன் பெத்த அப்பனைக் கரண்டியால அடிச்சா, படம் போட்டு வீடு வீடா அனுப்புவீங்களா?"

"தப்பு நடந்துபோச்சு ரா."

"அடுத்த மாசம் பொண்ணு கேட்டுப் போகணும். நான்தான் முன்னால நின்னு பேசணும். சொந்தக் குலத்தையே அடிச்சவன் எங்க பொண்ணை விட்டுவெப்பானான்னு அவங்க கேட்டா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்காருவேன்? சரி, வெயில் ஏறுது. உடம்பைப் பாத்துக்குங்க."

போன் நின்றது. அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நான் கக்கூஸ்ல இருந்தேன்னு எழுதுங்க டீச்சர்," என்றான் திரெலோ. "ஜிப்பு மாட்டிக்கிச்சுன்னு எழுதுங்க. வயித்துப்போக்குன்னு வேணும்னாலும் சேர்த்துக்குங்க."

ஒரு நாயகன் தன்னைக் கழிப்பறைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சுவதை நான் எங்கேயும் கேட்டதில்லை.

"உன் கதை இருக்கட்டும்," என்றாள் மாலெசெகோ. "உனக்கு அடுத்த மாசம் இல்லேன்னா அதுக்கடுத்த மாசம் பொண்ணு. எனக்கு வியாழக்கிழமை ஒண்ணுதான்."

6

அவள் விஷயம் இது. எழுத்துப் பரீட்சை பாஸ் செய்துவிட்டாள். லைசென்ஸ் கொடுக்கும் குழுவின் முன்னால் நேர்காணல். போன மாதம் போனாள். வழக்கமான கேள்வி ஒன்று கேட்டார்கள்: ஆபத்தான மிருகத்தை நேரில் சமாளித்த அனுபவம் உண்டா? க்வாயில் நடந்ததைச் சொன்னாள். குழுவில் ஒருவர் மேசை இழுப்பறையிலிருந்து என் மடலை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"இதுல ஒரு சமையற்காரி அலறிட்டு ஓடுறாளே, அது நீதானேம்மா?" என்றார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, தேநீர் வேளைச் சிரிப்புத்தான். அவள் அன்றைக்கு இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தாள்.

திரெலோ அவளுக்காகப் போய்ச் சாட்சி சொன்னான். "நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் இந்த அம்மாதான்" என்றான். அவர்கள் மடலைத் திருப்பிக் காட்டினார்கள்: கேட்டால் ஒன்றும் செய்யவில்லை என்பார், அடக்கமே உருவானவர். கைகுலுக்கி அனுப்பினார்கள்.

பல் மருத்துவருக்கு எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது. அந்த இரவை மறக்கவே முடியாதாம். முழு நிலவு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறதாம். மனுஷன் அன்றைக்கு மத்தியானம் ஈரத் துண்டோடு வலைக்குப் பின்னால் நின்றவர். என் மடலைப் படித்துப் படித்து, பட்டப்பகலில் தன் கண்ணால் பார்த்ததை நிலவில் பார்த்ததாக மாற்றிக்கொண்டுவிட்டார். அந்தப் பதிலை அவள் காட்டியபோதுதான் என் எழுத்தின் வலிமை எனக்கே தெரிந்தது. பயமாக இருந்தது.

கடைசியில் குழு ஒரு வழி சொன்னது. அச்சில் இருப்பதை அச்சில் எழுதியவரே தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுபடி பார்க்கலாம். வியாழன், காலை ஒன்பது மணி. தவறினால் அடுத்த நேர்காணல் இன்னும் இரண்டு வருடம் கழித்து. இப்போது அவளுக்கு நாற்பத்தி நாலு வயது.

7

நேற்று மத்தியானமே ஹெதரிடம் போனேன். (நான் வீரன் என்று நினைக்க வேண்டாம். அவள் முடியாது என்று சொல்லிவிடுவாள், அதையே சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.) அவள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு பொய்னு சொன்னா, மத்த நூத்திமுப்பது மடலையும் என்னன்னு நினைப்பாங்க?"

மற்றதையும் அப்படித்தான் நினைப்பார்கள், சரியாகத்தான் நினைப்பார்கள் என்று பதில் சொன்னேன், மனதுக்குள்.

"உங்க வேலை பர்மிட் ஜனவரியில முடியுதுல்ல?" என்றாள் குழாயைத் திருகிக்கொண்டே. "புதுப்பிக்கிறதுக்கு நான் கடிதம் கொடுக்கணும். ஞாபகப்படுத்துங்க."

இது மிரட்டலா, அக்கறையா? நாலு வாக்கியம் எழுதி அடித்தேன், எனக்குத் தெரியவில்லை. ஹெதர் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சிங்கத்தின்மேல்தான் முழு நம்பிக்கை இருக்கிறது. இந்தக் கதையில் என்னிடம் வந்து எதையும் மாற்றச் சொல்லாத பாத்திரம் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ராத்திரி பகலாக என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் வரை, பிறகு இன்று காலை. மூன்றாம் பகுதி வரும்போது எனக்கே நெஞ்சு லேசாகிவிட்டது. அப்பாடா, உண்மையைச் சொல்லிவிட்டோம். இன்று மத்தியானம் மாலெசெகோ வந்தபோது தாள்களைப் பெருமையாக நீட்டினேன்.

"இது என்ன எழுத்து? ஒரே சுருட்டை சுருட்டையா இருக்கு?"

"என் மொழி. நான் படிச்சுச் சொல்றேன்."

வரி வரியாகச் செட்ஸ்வானாவில் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் அடுப்படியில் போய், பையில் கொண்டுவந்திருந்த மாவைப் பிசைய ஆரம்பித்தாள். அவளால் கையைச் சும்மா வைத்துக்கொண்டு கேட்க முடியாது. மூன்றாம் பகுதிக்குத் தலையாட்டினாள். "தலையைத் தொங்கப்போட்டு எல்லாம் போகல. வெட்கமும் படல. சும்மா போச்சு," என்று மட்டும் சொன்னாள். (நான் திருத்தவில்லை. மேலே போய்ப் பாருங்கள், இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதை விட மனசு வரவில்லை.)

பிறகு முடிவுகளைச் சொன்னேன்.

முடிவு அ: வியாழக்கிழமை நானே குழுவின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

"எழுந்திரிக்க மாட்டாங்க. அந்த ஆபீஸ்ல ஃபேனுக்கு நேரா ஒரு நாற்காலிதான் இருக்கு. எழுந்தா பக்கத்து ஆளு உக்காந்துடுவான்."

முடிவு ஆ: நேர்காணல் நடக்கும்போது அதே சிங்கம் ஆபீசுக்குள் வருகிறது. குழு மேசைக்கு அடியில். மாலெசெகோ துடுப்பை எடுக்கிறாள்.

"ஐஜோ! அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு, மறுபடி மறுபடி அடி வாங்க? அதுவும் இப்ப வளர்ந்திருக்கும் டீச்சர். இப்ப வந்தா நானும் திரெலோ கூட ஜிப்பைப் போட்டுக்கிட்டு உள்ளதான் இருப்பேன். அது தெரியறவன்தான் கைடு."

முடிவு இ: (இதை அவளிடம் சொல்லவில்லை. இதில் எனக்கு ஜனவரியில் பர்மிட் கிடைக்கிறது.)

அவள் மாவை உருட்டி வைத்துவிட்டுத் துணியால் மூடினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. யாரு படிப்பாங்க?"

"எங்க ஊர்க்காரங்க."

"மவுன்ல இந்தச் சுருட்டை எழுத்து தெரிஞ்சவங்க எத்தனை பேர்?"

யோசித்தேன். "நான். அப்புறம் சூப்பர் மார்க்கெட்ல கணக்கு பாக்குற ஒருத்தர்."

"அவரு படிப்பாரா?"

"அவரு கதையெல்லாம் படிக்க மாட்டாரு."

"அப்ப என்னைப் பத்தின பொய்யை நாலாயிரம் பேருக்குப் புரியிற மாதிரி எழுதினீங்க. உண்மையை, கதை படிக்காத ஒரே ஒருத்தருக்கு எழுதியிருக்கீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. எனக்குக் காது மடல் சுட்டது. வெட்கம் என்றால் இதுதான். சிங்கத்துக்கு இரவல் கொடுத்த வெட்கம் திரும்பி என்னிடமே வந்துவிட்டது. அவள் சொன்னது அத்தனையும் சரி. யாருக்கும் கேட்காத இடத்தில் போய் நின்று உரக்க மன்னிப்புக் கேட்டுவிட்டு, மனசு லேசாகிவிட்டது என்று தேநீர் போட்டுக் குடித்தவன் நான்.

"எங்க ஊர்ல படிப்பாங்க," என்றேன். "அவங்களுக்குத் தெரிஞ்சிடும்ல."

"சரி. அவங்ககிட்டயே கேளுங்க, உங்களை என்ன செய்யச் சொல்றாங்கன்னு." மாவை என் அடுப்புக்குள் தள்ளிவிட்டு, மேசைமேல் ஒரு தாளை வைத்தாள். "இது என் மக டைப் அடிச்சது. நாலே வரிதான். ரொட்டி நாலு மணிக்கு எடுக்கணும், அடுப்புல விட்டுட்டுத் தூங்கிடாதீங்க."

போய்விட்டாள்.

8

அவள் வைத்துவிட்டுப் போன தாளைத் தமிழில் தருகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. கூட்டுவதற்குக் கை பரபரத்தது என்பது உண்மை.

"அக்டோபர் மாதம், பகல் ஒரு மணிக்கு, க்வாய் முகாமில் மாவுப் பாத்திரத்தில் மூக்கை வைத்த இளம் சிங்கத்தை, காதையும் வாலையும் பார்த்து ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்ட பின், ஒரு முறை அடித்து விரட்டியது மாலெசெகோ. கைடு திரெலோ அதைத் தொடவில்லை. அவர் அங்கே இல்லை. அவள் அலறவில்லை, அது நான் எழுதிய பொய்."

கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேல் என் பெயர் வர வேண்டும். தாளின் ஓரத்தில், அவள் பிடித்திருந்த இடத்தில், மாவில் ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கிறது. போட்டோவில் நாலாயிரம் பேர் பார்த்த அதே கை. துடைக்கலாம் என்று பார்த்தேன். விட்டுவிட்டேன்.

இன்று புதன், மணி மூன்று ஐம்பது. ரொட்டி வாசனை வந்துவிட்டது. ஜனவரியைப் பற்றி யோசிக்கிறேன், அதில் பொய் சொல்ல முடியாது. பர்மிட் இல்லையென்றால் கிளம்ப வேண்டும்; இருபத்திரண்டு வருடம் இருந்த ஊர். பேனா எழுதவில்லையோ என்று இந்தத் தாளின் மூலையில் கிறுக்கிப் பார்த்தேன். நன்றாகவே எழுதுகிறது. வேறு சாக்கு அகப்படவில்லை.

கணக்காளர் படிக்கமாட்டார். ஆகவே நடந்தது தெரிந்த வெளியாள் இனி நீங்கள் ஒருவர்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கோட்டின்மேல் என்ன இருந்தது என்பதை நீங்களே எழுதி முடித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது தயவுசெய்து சூரியனைச் சாய்க்காதீர்கள். ஒன்பது மணிக்கு அது கிழக்கே, சாதாரணமாக, கண் கூசுகிற மாதிரி நிற்கும்.

கையெழுத்து: ______________________